அக்கரையில் குரைத்த கேளையாடு

காட்டாற்றின் இக்கரையில் ஆவடை என்ற கேளையாடு இருந்தது. பெயர்தான் ஆடு; உண்மையில் அது நாயைப் போலக் குரைக்கும் சின்ன மான். புதருக்குள் புலியின் வால் நுனி தெரிந்தால் போதும், குரைத்துக் காட்டையே எழுப்பிவிடும். அதனால் இக்கரையில் ஆவடைக்கு ஏக மரியாதை. கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதன் மகள் சிட்டு வாழ்க்கைப்பட்டது அக்கரையில். அங்கே ஆண்டுவந்த கிழட்டுப் புலி செத்துப்போனது. உடனே சிறுத்தை, "இனி நான்தான் ராஜா" என்றது. செந்நாய்க் கூட்டமோ, "நாங்கள்தான் ராஜா" என்றது. நடுவில் மாட்டிக்கொண்ட மான்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேய்ந்தன. சிட்டுவுக்கு அப்போது நிறைமாதம். மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவர ஆவடை புறப்பட்டது.

ஆற்றங்கரையில் நீர்நாய் ஒன்று மீன் தின்றுகொண்டிருந்தது. இரண்டு கரைக்கும் போய்வருகிற பிராணி அது.

"எங்கக்கா, அக்கரைக்கா? போகாம இருக்க முடியாதா?"

"பிள்ளைத்தாச்சிய அங்க விட்டுட்டு எனக்கு எப்படித் தம்பி தூக்கம் வரும்?"

"சரி, அப்ப நான் சொல்றதக் கேட்டுக்கோ. திரும்பும்போது பாறைத்துறைப் பக்கம் வராதே. அங்க செந்நாய் காவல் இருக்கு. நாணல்துறைக்கு வா. தண்ணி கழுத்து வரைக்கும் வரும், ஆனா வழி பத்திரம். பொழுது சாயுற வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன். உன்னக் காணோம்னா தேடி வருவேன். இன்னொண்ணு, அங்க போய்க் குரைக்காதே."

"குரைக்காம இருக்க நான் என்ன முயலா?" என்றது ஆவடை. துறையைப் பற்றிச் சொன்னது மட்டும்தான் அதன் மனதில் நின்றது.

அக்கரையில் புள்ளிமான்களோடு சிட்டு மேய்ந்துகொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து முகத்தை உரசியது.

"இப்பவே கிளம்பிடலாம்மா."

ஆவடை பழக்கப்படி சுற்றுமுற்றும் பார்த்தது. கொன்றைப் புதருக்குள் புள்ளி போட்ட மஞ்சள் தோல் தெரிந்தது. சிறுத்தை! மறுகணமே ஆவடை அடிவயிற்றிலிருந்து குரைத்தது.

ஒரு மானும் ஓடவில்லை. எல்லாம் ஆவடையைத்தான் பயத்தோடு பார்த்தன. பிறகு சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக நழுவின.

"என்னம்மா பண்ணிட்டே?" சிட்டு கிசுகிசுத்தது. "அது காலையிலேருந்து அங்கதான் படுத்திருக்கு. எங்களுக்குத் தெரியும். இங்க யாரும் குரைக்கிறதில்லம்மா. குரைச்சா ஒரு ராஜாவ இன்னொரு ராஜாகிட்டக் காட்டிக் கொடுத்த மாதிரி, அப்புறம் பழி எல்லா மான்மேலயும் விழும். ஒருத்தர் மெல்ல நடந்தா மத்தவங்களும் நடந்துடுவோம்."

அதற்குள் செந்நாய்கள் வந்துவிட்டன. அவற்றின் தலைவன் பல்லைக் காட்டிச் சிரித்தது.

"சிறுத்தை படுத்திருக்கிற இடத்தச் சொன்னது நீதானே? இனிமே நீ எங்க ஆளு. எங்க கூடவே இருந்து தினமும் குரை."

புதருக்குள்ளிருந்து சிறுத்தை உறுமியது. "என்னக் காட்டிக் கொடுத்தவ எவ?"

ஆவடை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு ராஜா தன்னைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. இன்னொரு ராஜா தின்னப் பார்க்கிறது. பக்கத்தில் நிறைமாத மகள்.

நல்லவேளை, அந்த ராஜாக்களுக்கு மான்மேல் இருந்த ஆசையைவிட ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த கோபம் பெரிது. சிறுத்தை பாய்ந்தது, செந்நாய்கள் அதைச் சூழ்ந்துகொண்டன. மறுபடியும் குரைக்க ஆவடைக்குத் தொண்டை அரித்தது.

"வாய மூடிக்கிட்டு என் பின்னாடி வாம்மா. ஓடாதே, நட," என்றது சிட்டு.

ஆவடை வாயை இறுக மூடிக்கொண்டு மகளின் பின்னால் நடந்தது. சிட்டு பழக்கத்தில் பாறைத்துறைக்குத் திரும்பியபோது, ஆவடை பேசாமல் அதை மூக்கால் தள்ளி நாணல்துறைப் பக்கம் திருப்பிவிட்டது. சொன்ன சொல் தவறாமல் நீர்நாய் அங்கே காத்திருந்தது. சிட்டுவின் தாடையைத் தன் முதுகில் தாங்கிக் கரை சேர்த்தது.

அன்று மாலையே சிட்டு குட்டி ஈன்றது. தாயும் குட்டியும் நலம். ஆனால் ஆவடைக்குத்தான் புல் இறங்கவில்லை. அது அக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"நாம வந்துட்டோம் தம்பி. என் குரைப்பால அந்தப் புள்ளிமான்களுக்கு என்ன ஆகுமோ?"



குழப்பம் நடக்கிற நாட்டுக்குப் போகிறவர்கள், திரும்பும் வழியைத் தெரிந்துகொண்டு, காத்திருக்க ஒருவரை வைத்துவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் நடப்பதைப் பார்த்து வாயடக்கி நடக்க வேண்டும். இல்லாவிட்டால் தங்களுக்கு மட்டுமல்ல, அங்கேயே இருக்க வேண்டியவர்களுக்கும் ஆபத்துதான்.