படிக்காமல் போட்ட கையெழுத்து

“சிபாரிசுக் கடிதத்தை நீயே எழுதிட்டு வந்துட்டியா? கொடு.” துறைத்தலைவர் வைகுந்தநாதன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். “இந்தக் கையெழுத்துக்கு அமெரிக்காவுல தனி மரியாதை.”

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். “ஒரு தடவை வாசிச்சுக் காட்டட்டுமா சார்?” என்றாள் எஸ்தர்.

“சீக்கிரம்.”

“‘இந்த மாணவியை எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தையும் அவளேதான் எழுதினாள்.’”

பக்கத்து மேசை விரிவுரையாளர் இருமினார்.

“என்னம்மா, திமிரா?”

“போன வருஷம் விண்ணப்பிச்ச ஏழு பேருக்கும் ஒரே மாதிரி கடிதத்துல கையெழுத்துப் போட்டீங்க சார். ஒருத்தருக்கும் இடம் கிடைக்கல. இதுல பொய்யாவது இல்லையே.”

அவர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வெள்ளைத்தாளை எடுத்தார்.

“உட்காரு. என்ன ப்ராஜெக்ட் செஞ்சே? முதல்ல உன் பேரைச் சொல்லு.”

பெயரைச் சொன்ன எஸ்தர், தாள் பறக்காமலிருக்க மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.