அக்கரை ஈ

ஆற்றோர ஊர்களில் அந்த ஆண்டு உறக்க நோய் கண்டது. காட்டு ஈ கடித்தவர்கள் முதலில் காய்ச்சலில் கிடந்தார்கள். பிறகு சோற்றில் கை வைத்தபடியே கண் செருகினார்கள். பிறகு எழவே இல்லை.

சேந்தன் ஒரு காலத்தில் படைத்தலைவன். அக்கரை நாட்டாரோடு பல போர் கண்டவன். இப்போது வெண்ணி அம்மையின் சீடன். அவன் தங்கைக்கும் கண் செருகத் தொடங்கியிருந்தது.

"காட்டைக் கொளுத்திவிடட்டுமா, அம்மா?"

"கொளுத்தினால் ஈ எங்கே போகும்?"

பக்கத்து ஊருக்குத்தான் போகும் என்பது சேந்தனுக்கு உறைத்தது.

அம்மை நீலத் துணியில் சில கூடுகள் தைத்து, மாடுகள் நீர் குடிக்கும் துறைகளில் தொங்கவிட்டாள். நீலத்தை நாடி வந்த ஈக்கள் உள்ளே புகுந்து, வெளியேற வழி தெரியாமல் செத்தன. கைப்பிடி அளவுதான். காட்டிலோ ஈ மேகம்போல் மொய்த்தது.

"கடலை அகப்பையால் இறைக்கிறோமே, அம்மா!"

அம்மை மணலில் புளியங்கொட்டைகளைக் குவித்தாள்.

"இவை ஈக்கள். இந்த ஈ குவியலாக முட்டையிடாது. ஒரு தடவைக்கு ஒரே பிள்ளைதான். பிறப்பதற்கு நீ போடு. தானாகச் சாவதற்கு நான் எடுக்கிறேன்."

போட்டான். எடுத்தாள். குவியல் அப்படியே இருந்தது.

"இனி துணிக்கூட்டில் சாவதற்கும் கொஞ்சம் எடுக்கிறேன்."

ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகை கூடுதலாக எடுத்தாள். குவியல் சிறுத்தது. தாய்கள் குறையக் குறைய, அவன் போட வேண்டியதும் குறைந்தது. வெயில் சாய்வதற்குள் போட ஒன்றுமில்லாமல் அவன் கை நின்றது.

வெற்று மணலையே வெகுநேரம் பார்த்திருந்தான். எந்தப் போர்க்களத்திலும் ஒரு படை இப்படி அழிந்து அவன் கண்டதில்லை.

தங்கை பிழைக்கவில்லை. அவள் பிள்ளைகளை நோய் அண்டவில்லை. மழை போய் வெயில் வந்தபோது மாடுகள் வாலை வீசாமல் மேய்ந்தன. காட்டுக்குள் நின்று காது கொடுத்தான் சேந்தன். இலை விழும் சத்தம் கேட்டது.

ஒரு நாள் காலை, துறையில் தொங்கிய கூட்டில் ஓர் ஈ.

"ஆற்றைத் தாண்டி வந்திருக்கிறது, அம்மா. இங்கே இன்னும் கூடுகள் கட்டட்டுமா?"

அம்மை நீலத் துணிச் சுருளை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"அக்கரையில் கட்டு."

"அவர்கள் நம் எதிரிகள், அம்மா."

"ஈக்கு அது தெரியாது. படகை அவிழ்."