பேச்சை நக்கித் தின்ற எறும்புதின்னி

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத அந்தக் காலத்திலே, வடசீமைக்கும் தென்சீமைக்கும் நடுவே மஞ்சுக் கணவாய் என்று ஒன்று இருந்தது. பட்டப்பகலிலும் அங்கே பனிமூட்டம்தான். நீட்டின கை தெரியாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். மணியடித்தாலும் கொம்பு ஊதினாலும் பாறையில் மோதி நாலு திக்கிலிருந்தும் கேட்கும். ஒரு மனுஷன் விடாமல் பேசிக்கொண்டே போனால், அந்தக் குரல் ஒன்றுதான் வழி காட்டும்.

அப்படிப் பேசிக்கொண்டே முன்னால் நடந்து ஜனங்களைக் கடத்திவிடுகிறவன் பேச்சிமுத்து. தென்சீமைக்காரன், வீடு மட்டும் கணவாயின் வடக்கு முனையில். அவன் பெண்டாட்டி பவளாத்தாள் வடசீமையில் பிறந்தவள். அவளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பெருக்கின வாசலையே மூன்று தடவை பெருக்குவாள். உலை கொதிப்பதற்குள் ஆறு தடவை மூடியைத் திறந்து பார்ப்பாள். பேசினால் நாலு வார்த்தை, அதோடு சரி.

அவள் புருஷனோ இப்படிப் பேசுவான்:

“ஏளா, நான் என்ன சொல்லுதேன்னா, குழம்புல உப்பு கூடிப் போச்சு, கேட்டியா? நான் என்ன சொல்லுதேன்னா, மோர் கிடந்தா ஊத்து, கேட்டியா?”

“கேட்டனுங்க! ரெண்டு காதுலயும் கேட்டனுங்க!” என்பாள் பவளாத்தாள். காதுக்குள் ஈ புகுந்த மாதிரி இருக்கும் அவளுக்கு. எழுந்து போய் வாசலை இன்னொரு தரம் பெருக்குவாள்.

ஒரு நாள் காலையில் சுள்ளி பொறுக்கக் காட்டுக்குப் போனாள். “நான் என்ன சொல்லுதேன்னாவாம், நான் என்ன சொல்லுதேன்னா! சொல்லித் தொலைச்சா ஆகாதா?” என்று முனகிக்கொண்டே சுள்ளியை ஒடித்தாள். பக்கத்துப் புற்றின் மேலிருந்து யாரோ சிரித்தார்கள்.

பார்த்தால், ஒரு எறும்புதின்னி. உடம்பெல்லாம் தங்கச் செதில். நாக்கு மட்டும் ஒரு முழ நீளம்.

“எனக்கு எறும்பு பிடிக்காது அம்மா. சொல்தான் பிடிக்கும். எந்தப் பேச்சு உன்னை அரிக்கிறதோ அதைச் சொல், நக்கிவிடுகிறேன். ஆனால் தின்ற சொல் என் சொத்து. திருப்பிக் கேட்கக் கூடாது. சம்மதமா?”

பவளாத்தாள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “சம்மதமுங்க. அந்த ‘நான் என்ன சொல்லுதேன்னா’வை மொதல்ல தின்னுங்க.”

சளக்! நாக்கு நீண்டது, சுருண்டது. அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சிமுத்து வீட்டுக்கு வந்தான். வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். “ஏளா... பசிக்கு, கேட்டியா?” என்றான். பவளாத்தாளுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் ஒரு சொல் போனதும் மிச்சம் இரண்டும் இன்னும் பலமாகக் காதில் விழுந்தன. மறுநாள் மறுபடி புற்றுக்குப் போனாள். “அந்த ‘கேட்டியா’?” சளக்! பேச்சை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் அவன் பாதியிலேயே நின்றான். மூன்றாம் நாளும் போனாள். “ஏளான்னு கூப்புடுறாருங்க. ஆட்டைக் கூப்புடற மாதிரி.” சளக்!

கூப்பிட்டுத் தொடங்கச் சொல் இல்லாமல், அன்றைக்கு அவன் பேசவேயில்லை. தட்டில் சோறு போட்டாள், சாப்பிட்டான். வேட்டியைத் தைத்துக் கொடுத்தாள், கட்டிக்கொண்டான். ஏதோ சொல்லத்தான் அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

பவளாத்தாளின் மனசு தவித்தது. வாசலைப் பெருக்கினாள், அடங்கவில்லை. பாத்திரம் துலக்கினாள், அடங்கவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தாள், அதற்கும் அடங்கவில்லை. விடிந்ததும் புற்றுக்கு ஓடினாள். எறும்புதின்னி வயிற்றைத் தடவிக்கொண்டு, “என் சொத்து அம்மா, என் சொத்து” என்று உள்ளே போய்விட்டது.

திரும்பி வந்தால், வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள்! வடசீமை இளவரசி மதியழகியைத் தென்சீமையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புகுந்த வீட்டுக்குப் போகிறாள். பல்லக்கு, சீர்வரிசை, பாட்டுக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் காத்திருந்தார்கள். “பொழுது சாய்வதற்குள் கடந்தாக வேண்டும். வழிகாட்டி எங்கே?” என்றான் படைத்தலைவன்.

பேச்சிமுத்து முன்னால் வந்தான். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான். அவனுக்கு என்னவென்று படைத்தலைவனுக்குப் புரியவில்லை. “நட!” என்று அதட்டினான்.

பவளாத்தாள் ஓடிப் போய்ப் புருஷனின் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க நடங்க. நான் பேசறனுங்க.”

பனிக்குள் நுழைந்தார்கள். “வாங்க. இப்படி வாங்க. பார்த்து வாங்க” என்றாள். அதற்கு மேல் வரவில்லை! நாலு வார்த்தைக்காரிக்கு அரைக் காதம் பேச எங்கே பேச்சு இருக்கிறது? குரல் அறுந்தது. பின்னால், “எங்கே? எந்தப் பக்கம்?” என்று கூச்சல் கிளம்பியது. ஒரு கல் உருண்டு பாதாளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் வரவேயில்லை.

அப்போது, ஏழு வருஷமாகக் காதில் கிடந்தது தானாக வாய்க்கு வந்தது.

“நான் என்ன சொல்லுதேன்னா, இப்படி வாங்க, கேட்டியா! நான் என்ன சொல்லுதேன்னா...”

சளக்! காலடியில் தங்கச் செதில் மின்னியது. “திருட்டுப் பெண்ணே, அது என் சொத்து!” அவள் வாயிலிருந்து விழுந்ததை எறும்புதின்னி நக்கிவிட்டது.

“நான் என்ன சொல்லுதேன்னா, கேட்டியா!” என்றாள் மறுபடி. சளக்! “ஏளா, ஏளா, கேட்டியா!” சளக், சளக்!

பவளாத்தாளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் கை வேகம் ஊருக்கே தெரியும். வாய் வேகத்தை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். “நான் என்ன சொல்லுதேன்னா ஏளா கேட்டியா, ஏளா நான் என்ன சொல்லுதேன்னா கேட்டியா, கேட்டியா ஏளா கேட்டியா!” மூச்சு விடவில்லை. எறும்புதின்னி நக்கியது, விழுங்கியது, திணறியது. வயிறு பூசணிக்காயானது. பூசணிக்காய் அண்டாவானது. ஒரு செதில் தெறித்தது. இரண்டு தெறித்தன. மூன்றாவது செதிலோடு, பட்டென்று வெடித்தது!

உள்ளே இருந்த சொற்களெல்லாம் குருவிக்கூட்டம் போலப் பறந்தன. மூன்று மட்டும் நேராகப் பேச்சிமுத்துவின் வாய்க்குள் போயின.

“ஏளா!” என்று அவன் போட்ட சத்தத்தில் பாறை அதிர்ந்தது. “நான் என்ன சொல்லுதேன்னா, பல்லக்கை நிறுத்தச் சொல்லு, அங்கன பள்ளம், கேட்டியா!”

பல்லக்குக்காரன் தூக்கின கால் அந்தரத்தில் நின்றது. அதை மெல்லப் பின்னால் வைத்தான். பேச்சிமுத்து பேசிக்கொண்டே நடந்தான். அவன் மாமா காளை வாங்கப் போன கதையைச் சொன்னான், காளை மாமாவை முட்டின கதையைச் சொன்னான். நாற்பது பேரும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் குறையாமல் வெயிலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கூடவே இன்னொருவரும் வந்தார். வெடித்த தோலுக்குள்ளிருந்து எழுந்த கிழவர். ஒரு காலத்தில் அரண்மனைப் பண்டிதராக இருந்தவராம். எவர் பேசினாலும் குற்றம் பிடித்து வாயடைத்ததால், ஒரு மோர்க்காரி கொடுத்த சாபத்தில் எறும்புதின்னியானாராம். “வந்து... அதாவது... வந்து” என்று திக்கித் திக்கி நன்றி சொன்னார். அப்படிப் பேசுவதில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

படைத்தலைவன் பொன் கொடுத்தான், நிலமும் எழுதித் தருவதாகச் சொன்னான். இளவரசியோ பல்லக்கை விட்டு இறங்கிப் பவளாத்தாள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்:

“அக்கா, அங்க எல்லாரும் இவரு மாதிரிதான் பேசுவாங்களாமே. எனக்கு இப்பவே என்னவோ பண்ணுது. நீங்க எப்படி இருந்தீங்க?”

“மொத ரெண்டு வருசம் எரிச்சலா வருமுங்க, அம்மணி.”

“அப்புறம்?”

“அப்புறமும் வருமுங்க” என்றாள் பவளாத்தாள். “ஆனா நேத்து ஒரு நாள் வூடு சத்தமில்லாம கெடந்துச்சு பாருங்க, அது எந்த எதிரிக்கும் வேண்டாமுங்க.”

இளவரசி வாய்விட்டுச் சிரித்தாள். பல்லக்கு கிளம்பியது. தென்சீமையின் வயல்களுக்குள் அது சின்னப் புள்ளியாகும் வரை பவளாத்தாள் அசையாமல் நின்று பார்த்தாள். ஒரே இடத்தில் அவள் அவ்வளவு நேரம் நின்றது அதுவே முதல் தடவை.

அவர்கள் வீட்டில் பேச்சு நிறைந்தது. கேட்ட உங்கள் வீட்டிலும் நிறையட்டும்.