கூட வந்தவரின் நாற்காலி

குமாரபாளையத்தில் தவமணியின் பிசியோதெரபி கிளினிக்குக்குப் போய் வந்த எல்லோருக்கும் அவர்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. கூட வந்தவரை அவர் உள்ளே விடமாட்டார். புருஷனோ, மாமியாரோ, பெற்ற தாயோ, யாராக இருந்தாலும் திரைக்கு வெளியே வாசலோரம் கிடக்கும் நாற்காலியில்தான் உட்கார வேண்டும். இடுப்பைப் பிடித்துவிடுவதில் அப்படி என்ன சிதம்பர ரகசியம் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

சென்னியப்பன் தவமணியைவிட ஏழு வயது மூத்தவர். பவானியில் பதினைந்து வருஷமாகச் சொந்தமாக பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறவர். முதுகுக்குக் கரண்ட் வைப்பார், பெல்ட் போடுவார், பயிற்சி சொல்லித் தருவார். இடுப்பெலும்பு சமாச்சாரம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. எந்தப் பக்கம் தூக்கியிருக்கிறது, எந்த மூட்டு இறுகியிருக்கிறது என்று கட்டைவிரலை வைத்தே சொல்லும் வித்தை தவமணியிடம் இருந்தது. வயதில் சின்னவரிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்று ஒரு வருஷம் யோசித்தார். பிறகு வெட்கத்தை விட்டுவிட்டுப் போனார்.

ஒன்றரை வருஷம், திங்களும் வியாழனும் தவறாமல் போனார். கை நன்றாகவே வந்தது.

நாற்காலி விஷயத்தை ஒருநாள் கேட்டார்.

"கூட வர்றவங்கள எதுக்குங்க மேடம் வெளிய உக்கார வெக்கறீங்க?"

"உள்ள உக்கார வெச்சுத்தான் பாருங்களேன்," என்றார் தவமணி.

குருமார்களுக்கு இது ஒரு வியாதி. அரை நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயத்தைப் புதிராகப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சிஷ்யர்களுக்கும் ஒரு வியாதி உண்டு. புரியாததற்கும் தலையாட்டிவிடுவார்கள். சென்னியப்பன் ஆட்டினார்.

ஆட்டியதோடு நிற்கவில்லை. பவானிக்குத் திரும்பியதும் தன் கிளினிக்கில் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டார். ஜனங்களுக்கு ரொம்பத் திருப்தி. "இவரு நம்ம மனசு தெரிஞ்சவரு" என்றார்கள். சென்னியப்பனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த நாற்காலியில் ஒருநாள் வளர்மதியின் புருஷன் வந்து உட்கார்ந்தான்.

வளர்மதிக்கு முப்பத்தைந்து வயது. விசைத்தறியில் நின்று வேலை செய்கிறவள். நூல் மூட்டையைத் தூக்கும்போது இடுப்புக்கு மேலே ஏதோ விட்டுப்போனது போல் இருந்ததாம். புருஷன் கைத்தாங்கலாக அழைத்து வந்து கட்டிலில் உட்கார வைத்தான். நல்ல மனுஷன். அவள் செருப்பைக்கூட அவனே கழற்றி ஓரமாக வைத்தான்.

"எப்ப இருந்துங்க வலி?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"முந்தாநேத்துல இருந்துங்க," என்றான் புருஷன்.

"காலுக்கு எறங்குதுங்களா?"

"ரெண்டு காலுக்கும் எறங்குதாமுங்க."

"ஒண்ணுக்கு, ரெண்டுக்கெல்லாம் சரியாப் போகுதுங்களா? உக்கார்ற எடத்துல மரத்துப்போன மாதிரி ஏதாச்சும்?"

வளர்மதி தலையை நிமிர்த்தினாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வலி மட்டுந்தானுங்க," என்றான் புருஷன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சென்னியப்பன் ஃபாரத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

பிறகு குனியச் சொன்னார். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். முதுகின் அடியில் இருக்கும் இரண்டு குழிகளிலும் கட்டைவிரலை வைத்தார். வலது பக்கம் அரை விரற்கடை ஏறியிருந்தது. தவமணி சொல்லிக்கொடுத்தது அட்சரம் பிசகாமல் விரலுக்கடியில் இருந்தது. மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. முக்கால் மணி நேரம் பாடுபட்டு அதை இறக்கி வைத்தார்.

"இப்ப எப்படி இருக்குதுங்க?"

"பரவால்லீங்க," என்றான் புருஷன்.

மூன்றாம் நாள் வளர்மதியால் எழுந்திருக்க முடியவில்லை. கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா முதல் வேலையாகப் புருஷனை வெளியே அனுப்பிவிட்டு அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். வளர்மதி எல்லாவற்றையும் சொன்னாள். பவானிக்குப் போன அன்று காலையிலேயே ஒன்றுக்கு வரவில்லை. உட்கார்ந்தால் அடியில் நாற்காலி இருப்பதே தெரியவில்லை.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி, அடியில் இறங்கும் நரம்புக் கொத்தை நசுக்கியிருந்தது. அன்றைக்கே அனுப்பியிருந்தால் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு என்றார்கள். ஆபரேஷன் செய்து காலைக் காப்பாற்றினார்கள். சிறுநீருக்கு இனி ஆயுசுக்கும் குழாய்தான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இத்தனையையும் புருஷனே பவானிக்கு வந்து சொன்னான். குரலை உயர்த்தக்கூட இல்லை. நாலு அறை விட்டிருந்தால் சென்னியப்பனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்குக் கிளினிக்கைப் பூட்டியவர் ஒன்பது நாள் திறக்கவில்லை. பத்தாம் நாள் குமாரபாளையத்துக்குப் புறப்பட்டார். தனியாக அனுப்ப மனசு வராமல் மனைவி பரிமளாவும் கூட வந்தார்.

"நான் கேட்டனுங்க மேடம்," என்று வாசலிலேயே ஆரம்பித்தார் சென்னியப்பன். "ஃபாரத்துல இருக்குது பாருங்க. கேக்காம டிக் அடிக்கிறவன் நான் இல்லீங்க. இது என் தப்புங்களா? நீங்களே சொல்லுங்க."

விஷயம் ஏற்கெனவே தவமணியின் காதுக்கு வந்திருந்தது. அவர் நீட்டிய ஃபாரத்தை வாங்கவில்லை. "உள்ள போய்க் கட்டில்ல உக்காருங்க," என்றார்.

பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். வாசலோரம் கிடந்த நாற்காலியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டுவந்து, திரைக்கு உள்ளே, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார்.

"நீங்களும் வாங்க அக்கா. உக்காருங்க."

பரிமளா உட்கார்ந்தார். தவமணி புது ஃபாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, சென்னியப்பனின் பக்கம் திரும்பாமல், பரிமளாவைப் பார்த்துக் கேட்டார்.

"சாருக்கு என்ன பண்ணுதுங்க அக்கா?"

"அந்தக் கேஸு இப்படி ஆயிப்போச்சுங்களா, அதையே நெனச்சுட்டுக் கெடக்கறாருங்க."

"சாப்பாடு?"

"சாப்பிடறாருங்க. கொஞ்சம் கம்மிதான்."

தட்டில் இருப்பதில் பாதியை அவர் கொல்லைப்பக்கம் கொட்டிவிட்டு வருவது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"தூக்கம்?"

"படுத்தா அசையறதே இல்லீங்க. நல்லாத் தூங்கறாரு."

ஒன்பது நாளாகச் சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தார். புரண்டு படுத்தால் பரிமளா எழுந்து என்னவென்று கேட்பார். அதற்குப் பயந்துகொண்டு அசையாமல் கிடந்தார்.

"செத்துப்போயிரலாம்னு நெனப்பு ஏதாச்சும் வருதுங்களா அவருக்கு?"

சென்னியப்பன் தலையை நிமிர்த்தினார்.

"என்னங்க மேடம் வாய்ல வர்ற பேச்சு!" என்று பரிமளா பதறிப்போனார். "அவரு அப்படிப்பட்ட ஆளே இல்லீங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

முந்தாநாள் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது சென்னியப்பனுக்குத் தொண்டைவரை வந்தது. பரிமளாவின் முழங்கால் அவர் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தது. இந்த மனுஷியை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தவமணி 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்து, ஃபாரத்தை அவர் மடியில் வைத்தார்.

"சரியாங்க சார்? கேக்காம அடிக்கலைங்களே?"

சென்னியப்பன் அந்த டிக்கைப் பார்த்தார். தான் கொண்டுவந்த ஃபாரத்தில் இருந்த டிக்கையும் பார்த்தார்.

"அக்கா, கொஞ்சம் வெளிய இருங்க," என்றார் தவமணி. நாற்காலியையும் பரிமளாவையும் வாசலோரம் விட்டுவிட்டு வந்து திரையை இழுத்துவிட்டார். கட்டிலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"இப்ப நீங்க சொல்லுங்க."

சென்னியப்பன் சொன்னார். பாலத்தைச் சொன்னார், தூங்காததைச் சொன்னார். நாற்பத்தாறு வயது மனுஷன் வாய்விட்டு அழுதார். தவமணி குறுக்கே பேசாமல் கேட்டார். ஃபாரத்தில் 'இல்லை'யைக் கோடு போட்டு அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினார். ஈரோட்டில் தனக்குத் தெரிந்த மனநல டாக்டருக்கு அங்கேயே போன் போட்டு, சாயங்காலமே கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

அழுது ஓய்ந்ததும் சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

"இதை அன்னைக்கே நேராச் சொல்லியிருக்கலாமுங்களே மேடம்? உள்ள உக்கார வெச்சுப் பாருங்கன்னீங்க. வெச்சுப் பாத்தேன். ஒரு பொம்பளை வாழ்க்கையே போயிருச்சுங்களே."

தவமணியின் முகம் வெளுத்தது.

"சொல்லியிருக்கோணும்," என்றார். "அது என் தப்பு. அதை நான் சுமந்துக்கறேன். அதனால உங்க தப்பு பாதியாக் கொறஞ்சுதுன்னு எடுத்துக்காதீங்க. உங்களுது முழுசா உங்ககிட்டத்தான் இருக்குது."

சென்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதற்காக வந்தாரோ அதைக் கடைசியாகக் கேட்டார்.

"நான் மறுபடி கிளினிக்கைத் தெறக்கலாமுங்களா? இனி ஒருத்தரு ஒடம்புல கை வெக்கலாமுங்களா? நீங்க ஆகாதுன்னா இன்னையோட விட்டுர்றேன்."

"நான் யாருங்க அதைச் சொல்றதுக்கு? வளர்மதி என்ன சொல்றாங்க?"

பத்து நாளில் முதல் தடவையாகச் சென்னியப்பனின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அவங்க வூட்டுக்குப் போயிருந்தனுங்க மேடம், மூணு நாளைக்கு முன்னாடி. மன்னிச்சிருங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். பெரிய மனசுங்க. கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, வேணும்னேவா செஞ்சீங்க, மன்னிச்சாச்சு, போய்க் கிளினிக்கைத் தெறங்கன்னு சொல்லிட்டாங்க."

தவமணி பேனாவை எடுத்தார்.

"யாரு சொன்னது?"

பதில் சொல்லச் சென்னியப்பன் வாயைத் திறந்தார். அந்த வீட்டின் முன்னறை அவருக்கு நினைவு வந்தது. கயிற்றுக் கட்டிலில் இடுப்புவரை போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி வளர்மதி படுத்திருந்தாள். மன்னிச்சிருங்க என்று அவர் சொன்னபோது இந்தப் பக்கம் திரும்பித் தலையை நிமிர்த்தினாள். அதற்குள் பக்கத்து நாற்காலியில் இருந்த புருஷன் பேச ஆரம்பித்துவிட்டான். அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தவமணி எழுதுவதற்காகக் காத்திருந்தார். "அவங்க புருஷனுங்க," என்றார் சென்னியப்பன்.