பெருச்சாளி வீட்டுக் கூரையும் கரடியின் அடியும்

மலைச்சரிவில் ஒரு குளம் இருந்தது. அதன் மேற்குக் கரையில் கரும்பாறை என்ற கரடி தன் மனைவியோடு வசித்தது. மான்களும் முள்ளம்பன்றிகளும் அந்தக் கரைதான். கிழக்குக் கரை காட்டுப்பன்றிகளுடையது. அவற்றின் தலைவன் பெயர் கோரைப்பல்லன்.

கோடையில் மேற்குப் பக்கம் வற்றிச் சேறாகிவிடும். கிழக்குப் பக்கம் ஆழம். அங்கே மட்டும் தண்ணீர் நிற்கும். பன்றிகள் யாரையும் கிட்ட விடுவதில்லை.

காட்டை ஒட்டி மனிதர்கள் கோல்ஃப் ஆடும் புல்வெளி ஒன்று இருந்தது. அங்கிருந்து உருண்டு வந்த சில பந்துகளும், யாரோ கோபத்தில் வீசியெறிந்த ஒரு மட்டையும் விலங்குகளிடம் சேர்ந்தன. அவற்றை வைத்து ஒரு வழக்கம் உண்டாயிற்று. கோடை தொடங்கும் நாளில் மேற்குக் கரையிலிருந்து ஒருவர் ஒரே ஒரு அடி அடிக்கலாம். பந்து குளத்தைத் தாண்டிக் கிழக்குக் கரையில் விழுந்தால், அந்தக் கோடை முழுவதும் தண்ணீர் எல்லோருக்கும் பொது. குளத்தில் விழுந்தால் மேற்குக் கரைக்காரர்கள் இரண்டு மலை தாண்டி ஆற்றுக்கு நடக்க வேண்டும்.

மட்டையைப் பிடித்து நிற்கக் கூடியது கரடி ஒன்றுதான். மூன்று ஆண்டுகளாக அதுதான் அடித்தது. மூன்று முறையும் மட்டை பந்தைத் தொடுவதற்கு முன் மண்ணைத் தொட்டது. புல்லோடு ஒரு மண்கட்டி பெயர்ந்து பறந்து போய் அக்கரையில் விழுந்தது. பந்து தவளை மாதிரி ஒரு தாவு தாவித் தண்ணீருக்குள் போயிற்று.

"மண்கட்டிக்குப் போட்டி வைத்திருந்தால் நீதானடா ராஜா!" என்று கோரைப்பல்லன் அக்கரையிலிருந்து கத்தியது.

இந்த ஆண்டு நிலைமை வேறு. கரடியின் மனைவி இரண்டு குட்டிகளை ஈன்றிருந்தது.

"இதுகள் இரண்டு மலை நடக்குமா?" என்று கேட்டது மனைவி.

"நடக்காது."

"அப்படியென்றால் பந்து தாண்ட வேண்டும்."

'குறை என் கையிலா? கண்ணிலா? இல்லை, நானே குறையா?' என்று யோசித்துக்கொண்டே கரடி உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் மதியூகி என்ற நரி வந்தது.

"கவலையை விடு! மனிதர்கள் ஆடுவதைப் புதருக்குள்ளிருந்து பத்து வருஷமாகப் பார்க்கிறேன். நான் கற்றுத் தருகிறேன். பாடத்துக்கு ஒரு தேனடை போதும்!"

பாடம் தொடங்கியது. முதல் நாள், "முழங்காலை மடக்கு!" என்றது நரி. மண் பறந்தது. இரண்டாம் நாள், "முழங்காலை நிமிர்த்து!" என்றது. மண் பறந்தது. மூன்றாம் நாள், "மூச்சைப் பிடி!" என்றது. கரடிக்கு மயக்கம் வந்தது. மண்ணும் பறந்தது.

ஏழாம் நாள் நரி கரடியைச் சுற்றிச் சுற்றி வந்தது. "வாலை ஆட்டாமல் நேராக வை!"

"என் வால் ரொம்பச் சின்னது வாத்தியாரே!"

"அடடே! அதுதான் குறை! தினமும் காலையில் நூறு தடவை இழுத்துவிடு!"

பாவம், கரடி இழுத்தது. வால் வலித்ததே தவிர வளரவில்லை. பதினேழு பாடம் முடிந்தது. நரிக்குத் தொப்பை விழுந்தது. கரடியோ இப்போது மட்டையை எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தது. முன்பு ஒரு குறைதான் இருந்தது. இப்போது எதைக் குறை என்று நினைப்பது என்றே அதற்குத் தெரியவில்லை.

போட்டிக்கு மூன்று நாள் இருந்தது. கரடி மட்டையை ஓங்கி அடித்தது. சொத்தென்று மண் இடிந்தது. பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு பெருச்சாளி தலை நிறைய மண்ணோடு வெளியே வந்தது.

"ஏய் கரடி! உனக்குக் கண் இருக்கிறதா?"

"அங்காயி அக்கா! நீங்கள் இங்கேயா குடியிருக்கிறீர்கள்?"

"இருந்தேன்! பதினெட்டு நாளாக என் கூரையைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறாய். காலையில் மூடுகிறேன், சாயங்காலம் திறக்கிறாய். நீ என்ன விளையாடுகிறாயா, வீட்டை இடிக்கிறாயா?"

"மன்னித்துவிடுங்கள் அக்கா. நான் பந்தைத்தான் அடிக்கிறேன். அது ஏனோ..."

"பந்தையா? பந்து இருப்பது அங்கே. நீ அடிப்பது ஒரு சாண் பின்னால். எண்ணிப் பார், எல்லாப் பள்ளமும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது!"

கரடி குனிந்து பார்த்தது. பதினெட்டு நாளில் முதல் முறையாகத் தரையைப் பார்த்தது. உண்மைதான்.

"உன் காலடியைப் பார்!" என்றது அங்காயி. "வலது கால் என் சமையல்கட்டு வரைக்கும் இறங்கியிருக்கிறது. பந்துப் பக்கம் இருக்கும் இடது கால் பட்ட இடத்தில் புல்கூட மடங்கவில்லை. அடிக்கும்போது எதற்காகப் பின்னால் சாய்கிறாய்?"

"பந்தை மேலே தூக்கத்தான் அக்கா. குளத்தைத் தாண்ட வேண்டுமே! சாய்ந்து அள்ளினால்தானே எழும்பும்?"

"உன்னை யார் அள்ளச் சொன்னது? மட்டையின் முகமே வானத்தைப் பார்த்துச் சாய்ந்துதான் இருக்கிறது. தினமும் கூரை வழியாக என் வீட்டுக்குள் வந்து போகிறதே, எனக்குத் தெரியாதா? தூக்குகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். நீ இடது காலை ஊன்றி நின்று அடி!"

"தப்பிப் போனால்?"

"தப்பட்டும் பார்க்கலாம்!" அங்காயி பந்துக்கு ஒரு சாண் பின்னால் தன் வாலை நீட்டிப் படுத்துக்கொண்டது. "இதில் மட்டை பட்டால் உன் மூக்கைக் கடித்துவிடுவேன்!"

கரடிக்கு வியர்த்தது. மட்டை அந்த வாலில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் உடம்பின் பாரம் தானாக இடது காலுக்குப் போயிற்று. முதல் பந்து தரையோடு சறுக்கிப் போயிற்று. இரண்டாவது ஒரு கல்லில் மோதியது. மூன்றாவதில் 'டக்' என்று ஒரு சத்தம். இதுவரை கேட்காத சத்தம். மண் சிதறவில்லை. கரடி அண்ணாந்து பார்த்தது. பந்து மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"இப்போதுதான் பந்தை அடித்திருக்கிறாய். இன்னும் அடி!" என்றது அங்காயி, வாலைச் சுருட்டாமலே.

போட்டி நாள் வந்தது. இரு கரையிலும் கூட்டம். கரடி மட்டையை எடுத்ததும் நரி ஓடி வந்தது.

"சிஷ்யா! பதினேழு பாடத்தையும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொள்!"

கரடி நினைத்துப் பார்த்தது. முழங்கால், மூச்சு, வால்... உடம்பு மெல்லப் பின்னால் சாய்ந்தது. அக்கரையில் கோரைப்பல்லன் தண்ணீரோரம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "மண்கட்டி வருது, எல்லோரும் ஒதுங்குங்கள்!" என்றது.

கரடி மட்டையைக் கீழே இறக்கியது. தன் குட்டிகளைப் பார்த்தது. அவை நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அம்மாவின் நிழலில் கிடந்தன. பிறகு நரியைப் பார்த்தது.

"வாத்தியாரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். உங்கள் நிழல் பந்து மேல் விழுகிறது."

நரி முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தது. கரடி இடது காலை அழுத்தி ஊன்றியது. 'தூக்குவது என் வேலை இல்லை' என்று தனக்குள் சொல்லிக்கொண்டது. அடித்தது.

டக்!

பந்து எழும்பியது. குளத்தின் நடுவைத் தாண்டியது. தாழ்ந்தது. நேராகப் போய்க் கோரைப்பல்லனின் பின்புறத்தில் விழுந்து, அங்கிருந்த சேற்றில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"ஐயோ!" என்று துள்ளி எழுந்தது பன்றி. "செல்லாது! செல்லாது! பந்து கரையில் விழவில்லை! என் மேல்தான் விழுந்தது!"

"சரிதான்," என்றது முள்ளம்பன்றி. "நீ இருப்பது எந்தக் கரையில்?"

"கிழக்குக் கரையில்தான்! இது என் அப்பா காலத்திலிருந்து எங்கள்..." சொல்லிக்கொண்டே போன பன்றி வாயை மூடிக்கொண்டது. அதன் கூட்டமே சிரித்துவிட்டது.

அன்று மதியமே கரடியின் குட்டிகள் ஆழமான தண்ணீரில் வயிறு முட்டக் குடித்துவிட்டு, அங்கேயே தூங்கிப்போயின. மதியூகி நரி மட்டும் சும்மா இல்லை. மறுநாள் காலை அது கோரைப்பல்லனுக்கு, பந்து விழுந்தால் ஒட்டாமல் படுப்பது எப்படி என்று முதல் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

நம் குறை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பாடம் நடத்த வருகிறவரை விட்டுவிட்டு, அந்தக் குறையால் அடிபட்டவரிடம் போய்க் கேட்க வேண்டும்.