சென்னியப்பன் எஞ்சினுக்குக் காந்தம் வைத்த கதை

"என் வண்டி சாகப் போகுதுங்க அம்மிணி" என்றார் சென்னியப்பன்.

பைக் பட்டறை நடத்துகிற சுகுணா நிமிர்ந்து பார்த்தாள். வண்டி வாசலில் நின்றது. அவரை ஏற்றிக்கொண்டு அதுதான் இப்போது ஓடி வந்திருந்தது. சாகிற வண்டி மாதிரித் தெரியவில்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து நீட்டினார். அதில் ஒரு சிட்டிகை சாம்பல் நிறப் பொடி, ஆயிலில் குழைந்து கிடந்தது. ஓரத்தில் தேதி எழுதி ஒட்டியிருந்தது.

சென்னியப்பன் முப்பத்தாறு வருடம் பொள்ளாச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. நுனியில் காந்தம் வைத்த போல்ட் ஒன்றை வாங்கி, எஞ்சினுக்கு அடியில் ஆயில் வடிக்கிற ஓட்டையில் மாட்டினார். ஆயிலில் சுற்றுகிற இரும்புத் துகளை அந்தக் காந்தம் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். மாட்டிவிட்டு மறந்துவிடுகிறவனுக்கு.

சென்னியப்பன் எதையும் மறக்கிற ஆள் இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை ஆயிலை வடித்து, போல்ட்டைக் கழற்றிப் பார்த்தார்.

"உள்ள பல்சக்கரம் ஒன்னோட ஒன்னு உரசுதுங்க சார். பொடி வரத்தான் செய்யும்" என்றாள் சுகுணா.

"நார்மல் எவ்வளவுங்க?"

"வண்டி ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க."

"அதானுங்க நார்மல்."

இந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் நார்மல் அளவு அச்சடித்திருக்கும். அப்படி ஒரு ஓரம் இல்லாமல் மனிதன் எப்படி நிம்மதியாக இருப்பது?

மறுநாள் வந்து, எஞ்சினைப் பற்றி முழுதும் சொல்லித் தர வேண்டும் என்று கேட்டார். சுகுணா அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. உட்கார ஸ்டூலை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார்.

அடுத்த வாரம் முகம் இன்னும் வாடியிருந்தது.

"பொடி ரெண்டு மடங்காயிருச்சுங்க."

"காந்தத்தை மாத்தினீங்களா?"

"ஆமாங்க. இது நாலு மடங்கு இழுக்குமுங்க."

சுகுணா அந்த போல்ட்டை வாங்கினாள். வாசலுக்குப் போய் உடுமலை ரோட்டு மண்ணில் ஒரு புரட்டுப் புரட்டி, அவர் கையில் கொடுத்தாள். நுனி முழுக்கக் கறுப்பு மணல் அப்பியிருந்தது.

"உடுமலை ரோடும் சாகப் போகுதுங்களா சார்?"

அவர் வெகுநேரம் யோசித்தார். சுகுணாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அடுத்த வாரம் இரண்டு கண்ணாடித் தகடு கொண்டு வந்தார். ஒன்று எஞ்சின். இன்னொன்று உடுமலை ரோடு.

அன்றைக்கு சுகுணா ஒன்றன்பின் ஒன்றாக மூன்று டீ குடித்தாள்.

சிரிக்கலாம்தான். ஆனால் அவருக்குப் பயம். நன்றாக இருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே வந்தவர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து உட்கார்ந்துபோனதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து, நன்றாக ஓடுகிற எதையும் அவரால் நம்ப முடியவில்லை. வால்பாறை மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஏதாவது ஒரு வளைவில் எஞ்சின் இறுகிப்போய், பின்னால் உட்கார்ந்திருக்கிற சாந்தாமணி கீழே விழுகிற மாதிரி அவருக்குக் கனவு வந்தது.

சாந்தாமணி அவர் மனைவி. ஓய்வு பெற்றதும் ஊர் ஊராகப் போகலாம் என்று அவளிடம் சொல்லித்தான் இந்த வண்டியையே வாங்கினார். எட்டு மாதம் ஆயிற்று. பொள்ளாச்சியைத் தாண்டவில்லை. புறப்படுகிற நாளெல்லாம் எஞ்சினில் ஆயில் இருக்காது.

வெள்ளிக்கிழமை வால்பாறையில் அவள் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. சாந்தாமணி கோபப்படவில்லை. பருப்பைக் கடைந்துகொண்டே சொன்னாள்.

"இந்தத் தடவையும் வண்டி வரலைன்னா நான் பஸ்ல போயிக்கறனுங்க. இனிமே உங்களைக் கூப்பிடவும் மாட்டேன்."

கத்தியிருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

வியாழக்கிழமை காலை, கடைசியாக ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போல்ட்டைக் கழற்றினார். பொடி கொஞ்சம்தான் இருந்தது. மனசு நிறைந்தது. திரும்ப மாட்டி, கசிந்துவிடக் கூடாதே என்று எப்போதும் போல மூச்சைப் பிடித்து முறுக்கினார்.

போல்ட் சுற்றியது. இன்னும் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

ஓட்டையில் துணியை அடைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தார். சட்டை முழுக்க வேர்வை.

சுகுணா குனிந்து போல்ட்டை வெளியே இழுத்தாள். அதன் திருகு மரையில் வெள்ளி ஜரிகை மாதிரி ஏதோ சுற்றிக்கொண்டு வந்தது. அதைப் பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க போல்ட்டு. காந்தத்தை அதுகிட்டக் காட்டுங்க சார்."

காட்டினார். அது அசையவில்லை. இந்தப் பக்கம் காட்டினார், அந்தப் பக்கம் காட்டினார். அது ஒட்டவே இல்லை.

"இது என்னதுங்க அம்மிணி?"

"உங்க எஞ்சினுங்க."

அவர் முழித்தார்.

"எஞ்சின் கூடு அலுமினியம். காந்தத்துல ஒட்டாது. அந்த ஓட்டையில இருந்த மரை பூராவும் இப்ப உங்க கையில இருக்குதுங்க."

"எதனாலங்க இப்படித் தேஞ்சுது?"

சுகுணா அவருடைய வலது கையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அதில் ஸ்பேனர் இருந்தது.

சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, வெள்ளிக்கிழமை என்று ஆரம்பித்தார். சுகுணாவுக்கு ஏற்கெனவே தெரியும். சாந்தாமணி போன வாரமே பட்டறைக்கு வந்து புலம்பிவிட்டுப் போயிருந்தாள். ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை போட்டு, உள்ளே கழுவி, சாயங்காலத்துக்குள் தந்துவிடுவதாகச் சொன்னாள். காந்தமும் இருக்கட்டும், அது பாவம் என்ன செய்தது என்றாள்.

"ஸ்பேனரை மட்டும் இங்க வச்சுட்டுப் போங்க. மூவாயிரம் கிலோமீட்டர் கழிச்சு ஆயில் மாத்த வாங்க, தர்றேன்."

கொடுத்தார். கொடுக்க மனசே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு சுகுணாவின் போன் அடித்தது.

"ஆழியாறுகிட்ட நிக்கறனுங்க அம்மிணி. மலை ஏறல. வண்டில ஒரு சத்தம் வருது."

"என்ன மாதிரிங்க?"

"ஹெல்மெட்டுக்குள்ள ரீங்காரமாட்டக் கேக்குதுங்க. பின்னாலருந்து. பேரிங் போயிருச்சுன்னு நினைக்கறனுங்க."

"ஆக்சிலேட்டர் கொடுத்தாக் கூடுதுங்களா?"

"இல்லீங்க. அதுபாட்டுக்கு ஏறுது, இறங்குது."

சுகுணா இப்படி ஒரு பேரிங்கைக் கேள்விப்பட்டதில்லை. அம்மாவை இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னாள்.

சாந்தாமணி பட்டுப்புடவையோடும் சீர்த்தட்டுப் பையோடும் புளியமரத்தடியில் இறங்கி நின்றாள். அவர் ஒரு பர்லாங் தூரம் போய்த் திரும்பினார். சத்தம் இல்லை. அவளை ஏற்றிக்கொண்டு போனார். சத்தம் வந்தது. ஓரமாக நிறுத்தி மறுபடி போன் போட்டார்.

"அவ உக்காந்தா வருதுங்க. பேரிங்தானுங்களே? திரும்பி வந்துரட்டுங்களா?"

சுகுணா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அம்மாவக் கேட்டீங்களா சார்?"

கேட்கவில்லை. கையில் ஹெல்மெட்டோடு சாந்தாமணி பக்கம் திரும்பி, வண்டியில் ஏதோ சத்தம் வருகிறதே, உனக்குக் கேட்டதா என்றார்.

"நாந்தானுங்க பாடிட்டு வந்தேன்" என்றாள் சாந்தாமணி. "ஏனுங்க, வண்டிக்கு ஆகாதுங்களா?"

அவர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். அவள் பாடி அவர் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"சார்" என்றாள் சுகுணா. "கழட்டிப் பாக்கணுமா?"

"வேண்டாமுங்க அம்மிணி."