மருந்து படாத மண்

பூவராகன் முப்பது வருஷம் பூச்சிமருந்துக் கடை நடத்தியவர். கடையை மூடிவிட்டுத் தன் நிலத்தைத் திரும்பிப் பார்த்தபோது அது செங்கல்லாக இறுகிக் கிடந்தது. மூன்று போகம் விதைத்தார், மூன்றும் பொய்த்தன. பாட்டன் காலத்திலிருந்து சோறு போட்ட நிலம் தன் கையாலேயே செத்துவிட்டதே என்று நொந்துபோனார். வீறாப்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, பக்கத்து ஊரில் இயற்கை விவசாயம் சொல்லிக்கொடுத்த திலகவதியிடம் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு அவர் மகள் வயதுதான்.

ஒருநாள் அவள் அவர் நிலத்துக்கு வந்தாள். மண்ணுக்கு உயிரூட்டும் ஜீவாமிர்தக் கரைசலுக்காக டிரம்மில் சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு எல்லாம் கரைத்து வைத்திருந்தார்.

“இனி ஒரு பிடி மண்ணு போடணும்,” என்றாள்.

பூவராகன் காலடியில் குனிந்தார்.

“அது செத்த மண்ணுங்கய்யா. உங்க ஊர்லயே மருந்து படாத மண்ணா எடுத்துட்டு வாங்க. அதுலதான் உயிர் இருக்கு.”

வரப்பு வரப்பாக அலைந்தார். எந்த வரப்பில் களைக்கொல்லி அடித்தார்கள், எந்த வயலில் குருணை மருந்து போட்டார்கள் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவர் கடைச் சரக்கு. கோயில் தோப்பில்கூடத் திருவிழாவுக்காகப் புல் கருக மருந்து அடித்திருந்தார்கள். அது அவர் கொடுத்த நன்கொடை!

மிச்சம் இருந்தது கலியனின் அரைக் காணிதான். அவர் கடையில் வாங்கிய மருந்தைத்தான் கலியன் குடித்தான். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷமாக உழ ஆளில்லாமல் அது தரிசாகக் கிடந்தது.

கலியன் மனைவி அஞ்சலை வாசலில் கீற்று முடைந்துகொண்டிருந்தாள்.

“உங்க நிலத்துல ஒரு பிடி மண்ணு வேணும் அஞ்சல.”

அவள் நிமிரவில்லை. “அவரு குழியில ஊரே ஆளுக்கொரு பிடி மண்ணு போட்டுது. நீங்க வரல.”

“பயந்துட்டேன்.”

“இப்ப மட்டும் வழி தெரிஞ்சுதா? போங்க. தர மாட்டேன்.”

வெறுங்கையோடு திலகவதியிடம் திரும்பி, நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னார். அவமானத்தில் முகம் கறுத்திருந்தது.

“தர மாட்டேன்னுட்டாங்கம்மா. உங்க நிலத்து மண்ணு ஒரு பிடி குடுங்க.”

“நாளைக்குப் போய்க் கேளுங்க,” என்றாள் திலகவதி.

“நாளைக்கும் இல்லேன்னா?”

“நாளன்னிக்கும் போங்க.”

“கரைச்சதெல்லாம் கெட்டுப்போயிடும். ஆடிப் பட்டமே போயிடும்மா!”

“போகட்டுங்கய்யா. அவங்களுக்குப் பன்னெண்டு ஆடி போயிருக்கு.”